திறக்காத அரிசிப் பை: தலைமைத்துவமும் கணிதமும் சேர்ந்த ஒரு பாடநெறியின் கதை

கணித முகாமின் மூன்றாம் நாள் பின்னேரம். பாத்திரங்களைக் கழுவி அடுக்கியாகிவிட்டது. சமையலுக்கு வந்திருந்த அக்கா ஒருவர் வகுப்பறை வாசலில் நின்று, "சேர், இந்தப் பைய என்ன செய்றது?" என்று கேட்டார். கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. வாயில் போட்ட தையல்கூடப் பிரிக்கப்படவில்லை.

அந்தப் பை வந்திருக்கவே கூடாது. 80 பிள்ளைகளின் வீட்டிலிருந்து ஆளுக்கு 30 ரூபாய் கேட்டு வாங்கிய பணத்தில் வந்த பை அது. கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை என்பதை அந்தத் தையல் சொன்னது. எங்கள் கல்லூரியில் கணிதப் பாடநெறியையும் தலைமைத்துவப் பாடநெறியையும் ஒன்றாகச் சேர்த்ததற்கு அந்தப் பைதான் காரணம். என்ன நடந்தது, ஏன் நடந்தது, பிறகு என்ன செய்தோம், எது சரிவரவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே வேலையில் இருக்கும் வேறு ஆசிரியர்களுக்கு உதவும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன். கல்லூரியின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

பின்னணி

இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் கல்லூரி. ஆசிரியராக விரும்பும் இளைஞர்களுக்கு வார இறுதியில் நடக்கும் டிப்ளோமா வகுப்பு. அந்த அணியில் 27 பேர் இருந்தார்கள், அவர்களில் 19 பேர் பெண்கள். பெரும்பாலானோர் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். ஏ.எல். (உயர்தரப் பரீட்சை) முடித்துவிட்டு, கிழமை நாட்களில் முன்பள்ளியிலோ டியூஷன் வகுப்பிலோ சின்னச் சம்பளத்துக்குக் கற்பிப்பவர்கள். மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலைப் பக்கங்களிலிருந்து விடிய முன்பே புறப்பட்டு வருவார்கள்.

சனிக்கிழமை கணிதம். அது என் பாடம். ஞாயிறு காலை தலைமைத்துவம். அதை இன்னொருவர் எடுத்தார். இரண்டுக்கும் தனித்தனி அறை, தனித்தனி ஒப்படை, தனித்தனிப் புள்ளி. தலைமைத்துவ வகுப்பில் கூட்டம் நடத்துவது, வரவேற்புரை, நன்றியுரை, மேடைப் பேச்சு, வரிசையில் நிற்க வைப்பது என்று போகும். இதில் அந்த விரிவுரையாளரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் நாட்டில் தலைமைத்துவம் என்றாலே பலருக்கு நினைவில் வருவது அதுதான். 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான மாணவர்களை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள். நிமிர்ந்து நிற்பவர், சத்தமாகப் பேசுபவர், சொன்னதை மற்றவர்களைச் செய்ய வைப்பவர், அவரே தலைவர் என்ற படம் எல்லோர் மனதிலும் பதிந்திருக்கிறது.

மலையகத்தில் அந்தப் படத்துக்குப் பின்னால் இன்னொரு படமும் இருக்கிறது. துரைக்குக் கீழே கங்காணி, கணக்கப்பிள்ளை என்று போகும் அதிகார வரிசையில் ஒருவருக்குப் பெயரே கணக்கை வைத்துத்தான் வந்தது. காலையில் வேலையாட்கள் கூடும் பிரட்டுக்களத்தில் பேர் போடுவதும், மலையில் கொழுந்து நிறுப்பதும், செக்றோல் என்ற வேலைப் பதிவேட்டில் எழுதுவதும் கணக்குத் தெரிந்தவர் கையில். வேலை செய்தவருக்கு அந்தக் கணக்கு சம்பள நாளில் வந்து சேரும் ஒரு தொகை, அவ்வளவுதான். கணக்கு வைத்திருப்பவர் மேலே, கணக்குக்கு உட்பட்டவர் கீழே. இப்படி ஒன்றரை நூற்றாண்டு பழகிய இடத்தில், தலைவர் சொன்ன எண்ணைத் திருப்பிக் கேட்பது மரியாதைக் குறைவாகவே படும். தோட்டப் பாடசாலைகள் 1970களுக்குப் பிறகுதான் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. மற்ற ஊர்களில் 1940களிலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது. அந்த இடைவெளியில் எங்கள் தாத்தா பாட்டிமார் இழந்தது எழுத்தை மட்டுமல்ல. ஒரு கணக்கைக் கையில் வாங்கி, "இது எப்படி வந்தது?" என்று கேட்கும் பழக்கத்தையும்தான்.

நடந்தது

ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) எழுதப்போகும் பிள்ளைகளுக்கு மூன்று நாள் கணித முகாம் நடத்துவது எங்கள் அணியின் தலைமைத்துவ ஒப்படை. கணிதத்தில் சித்தியடையாமல் ஏ.எல். வாசலிலேயே நின்றுவிடும் பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் நிறைய, ஆகவே முகாமுக்குத் தேவை இருந்தது. குழுத் தலைவராக ஒரு தம்பியைத் தெரிவுசெய்தார்கள். நல்ல பேச்சாளர், சுறுசுறுப்பானவர், பொறுப்பானவர். கணிதத்திலும் மோசமில்லை.

60 பிள்ளைகள் வருவார்கள் என்று எதிர்பார்த்தோம். பகல் சாப்பாட்டுக்கு ஆளுக்கு 125 கிராம் அரிசி என்று கணக்கிட்டு, ஒரு நாள் கையிருப்பும் சேர்த்து, 60 பேருக்கு 4 நாளுக்குக் காணக்கூடிய அரிசி வாங்கினோம். 30 கிலோ. பருப்பும் தேங்காயும் அதே அளவுக் கணக்கில். பயிலுநர்கள் தங்கள் சோற்றைக் கட்டிக்கொண்டு வந்தார்கள்.

முதல் நாள் காலையில் 80 பிள்ளைகள் வந்துவிட்டார்கள். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கேள்விப்பட்டு வந்தவர்கள். திருப்பி அனுப்ப யாருக்கு மனம் வரும்? தலைவர் உடனே கணக்குப் போட்டார். 20 பேர் கூட, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூட. ஆகவே அரிசி நிற்கும் நாளும் மூன்றில் ஒரு பங்கு குறையும். 4 நாளில் மூன்றில் ஒன்று போனால் மிஞ்சுவது 2⅔ நாள். மூன்றாம் நாள் காணாது. ஆளுக்கு 30 ரூபாய் கொண்டுவரச் சொல்லி ஒரு துண்டில் அறிவித்தலை எழுதினார். மொத்தம் 2,400 ரூபாய்.

அந்தத் துண்டை என்னிடம் கொண்டுவந்தார். நான் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பேச்சு தெளிவாக இருந்தது, எழுத்து அழகாக இருந்தது, நேரமும் இல்லை. ஒன்று கூடும்போது மற்றது எவ்வளவு குறையும் என்று பார்க்கும் நேர்மாறு விகிதசமனைச் சனிக்கிழமைதோறும் கற்பிப்பவன் நான். பென்சிலை எடுத்து 60ஐ 4ஆல் பெருக்க எனக்கு அரை நிமிடம் போதும். நான் பெருக்கவில்லை. இந்த ஆய்வில் வரும் முதல் தவறு என்னுடையது.

60 பேருக்கு 4 நாள் என்றால் 240 சாப்பாடு. 80 பேருக்கு 3 நாள் என்றாலும் 240 சாப்பாடு. கையிருப்பு போகும், ஆனால் முகாம் முடியும்வரை சரியாகக் காணும்.

வாசலில் அந்தப் பை வந்து நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

கரும்பலகை

முதலில் எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். இதைப் பேசாமல் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 30 ரூபாய்தானே, பையைச் சமைத்த அக்காமாருக்கே கொடுத்துவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போக வந்த பெற்றோர் ஐம்பது பேர் வரை வெளியே நின்றார்கள். முகாம் நன்றாக நடந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். அதை ஏன் கெடுப்பது என்றும் தோன்றியது.

தலைவர்தான் மறுத்தார். "சேர், நான் வாங்கின காசு. நானே சொல்றேன்," என்றார். முகம் வெளிறிப் போயிருந்தது. பெற்றோரை உள்ளே கூப்பிட்டு, பையை மேசையில் வைத்து, கணக்குப் பிழைத்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னார். சிலர் "பரவால்ல தம்பி" என்று எழும்பத் தொடங்கினார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பவில்லை. கொழுந்து பறிப்பவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள் முகாமில், அறுபது ரூபாய் கொடுத்திருந்தார்.

"தம்பி, அந்தக் கணக்கப் போட்டுக் காட்டுங்க. நாங்களும் பாக்குறோம்."

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே பார்க்க விரும்பிக் கேட்டார். தலைவர் வெண்கட்டியை எடுத்து 60 × 4 என்றும் 80 × 3 என்றும் எழுதினார். இரண்டுக்கும் கீழே 240. அப்புறம் தன் பழைய கணக்கையும் எழுதினார். மூன்றில் ஒன்று கூடினால் மூன்றில் ஒன்று குறையும் என்று நினைத்தேன், குறைவது நாலில் ஒன்றுதான் என்றார். ஏன் நாலில் ஒன்று என்று சொல்ல வந்தவர் அங்கே தடுமாறினார். விடை தெரிந்திருந்தது, காரணம் வாயில் வரவில்லை. அறையில் இருந்த என் மாணவர்கள் 26 பேரும் பேசாமல் இருந்தார்கள்.

அந்த அம்மா கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். "மூணு புள்ளைக்கு ஒரு ரொட்டியப் பிய்க்கிறோம்னு வைங்க. நாலாவது புள்ள வந்துட்டா ஆளுக்குக் கால் ரொட்டிதானே? ஆளு மூணுல ஒண்ணு கூடிச்சு. கைல இருந்த துண்டுல நாலுல ஒண்ணுதான் கொறஞ்சிச்சு. அதானே?"

அதேதான். 60க்கு 80 என்பது 3க்கு 4. மூன்றில் ஒரு பங்கு ரொட்டி கால் ரொட்டியாகும்போது குறைவது அந்தத் துண்டின் காற்பங்கு. பல வருடங்களாகக் கற்பிக்கிறேன், இவ்வளவு தெளிவாக நான் ஒருநாளும் சொன்னதில்லை. இப்போது ஒவ்வொரு அணிக்கும் அந்த ரொட்டியை வைத்தே தொடங்குகிறேன்.

பணத்துக்கு ஒரு முடிவு வந்தது. பருப்பும் தேங்காயும் சாப்பிட்டாகிவிட்டது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பையைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டார். அந்தக் காசுக்குப் பெற்றோர் சொன்னபடி பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினோம்.

பேசாமல் இருந்த ஆறு பேர்

அடுத்த சனிக்கிழமை பாடம் நடத்தவில்லை. ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, பெயர் எழுதாமல் ஒரே கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன்: முதல் நாளே அந்தக் கணக்குப் பிழை என்று உங்களுக்குத் தெரியுமா?

27 துண்டில் 6 துண்டில் 'ஆம்' என்று இருந்தது.

இந்த நிகழ்வில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். இது கணிதம் தெரியாத பிரச்சினை என்றால் எனக்கு வழி தெரியும், இன்னும் நாலு பயிற்சி கொடுப்பேன். ஆறு பேருக்குச் சரியான விடை தெரிந்திருந்தும் 80 பிள்ளைகளிடமிருந்து காசு வாங்கினோம் என்றால், பயிற்சிக் கணக்கு கொடுத்து அதைத் திருத்த முடியாது.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி வந்து தன் கொப்பியைக் காட்டினார். முகாமின் முதல் நாள் திகதி, அதன் கீழே 240, இரண்டு தடவை, அடியில் இரட்டைக் கோடு. "லீடர் சொல்லிட்டாரு சேர். எல்லாரும் காசு கொண்டுவரச் சொல்லியாச்சு. அதுக்கப்புறம் நான் எழும்பிச் சொன்னா அவர அசிங்கப்படுத்துற மாதிரி இருக்கும்ல." சற்று நின்றுவிட்டு, "சேரும் கையெழுத்து வச்சிட்டீங்க. அப்ப நான்தான் பிழையோன்னு நெனச்சேன்," என்றார்.

அவர் சொன்னதை வைத்து யோசித்தால் மூன்று தடைகள் தெரிகின்றன. அறிவித்தல் வெளியே போன பிறகு கேட்க இடமில்லை. கேட்டால் அது ஆளைத் தாக்குவதாகிவிடும், கணக்கைத் தொடுவதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேலே உள்ளவரின் கையெழுத்து தன் சொந்தக் கணக்கையே சந்தேகப்பட வைக்கிறது. மூன்றாவதுதான் ஆபத்தானது என்று எனக்குப் படுகிறது. சரியான விடையைக் கையில் வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டார். கணித வகுப்பில் ஒரு விடை சரியா பிழையா என்பதை யார் சொன்னார் என்று பார்த்து முடிவுசெய்வதில்லை, அதன் படிகளைப் பார்த்து முடிவுசெய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அதற்கு நேரெதிர். ஒரே பிள்ளைக்குச் சனிக்கிழமை ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை அதற்கு மாறானதையும் நாங்களே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

அந்த மாலை பெற்றோர் நம்பிக்கை வைத்தது தலைவரின் குரலை நம்பியல்ல. தன் பிழையான படியையும் சேர்த்து அவர் பலகையில் எழுதினார், எல்லோரும் பார்த்துச் சரிபிழை சொல்லும்படி வைத்தார். தலைமைத்துவம் என்று நாங்கள் கற்பிக்க வேண்டியது இதைத்தான் என்று முடிவுசெய்தோம்.

மாற்றியது

தலைமைத்துவ விரிவுரையாளருடன் நாலைந்து பின்னேரங்கள் இருந்து பேசினேன். மேடைப் பேச்சை எடுத்துவிட அவருக்கு விருப்பமில்லை, எடுக்கவும் இல்லை. தோட்டத்துப் பிள்ளை ஒன்று மைக்கைப் பிடித்து நடுங்காமல் பேசுவது சின்ன விஷயமா என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. ஆகவே இரண்டு பாடநெறியையும் கலைக்காமல் ஒப்படைகளைப் பொதுவாக்கினோம். குழுவாக எடுக்கும் எந்த முடிவுக்கும் ஒரு கணக்குத் தாள் வேண்டும். அதில் மூன்று கேள்விகள். எதையெல்லாம் உண்மை என்று வைத்துக்கொண்டோம்? அங்கிருந்து முடிவுக்கு எப்படி வந்தோம்? எந்த எண் மாறினால் முடிவும் மாறும்? இந்தத் தாளைச் சுவரில் ஒட்டிய பிறகே அறிவித்தல் வெளியே போகலாம்.

ஒவ்வொரு குழுவிலும் முறைவைத்து ஒருவர் சரிபார்ப்பவர். தலைவர் சொன்னதை ஒரு தடவையாவது "எப்படி?" என்று கேட்பது அவர் கடமை. கேட்காவிட்டால் அவருக்குப் புள்ளி இல்லை. கேள்வியைக் கடமையாக்கியதும் அதிலிருந்த அவமானம் பாதி போய்விட்டது. கேட்டவர் எதிர்க்கவில்லை, தன் வேலையைச் செய்தார், அவ்வளவே. முதல் முறை சரிபார்ப்பவராக அந்த இரட்டைக் கோட்டு மாணவி வந்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேசையில் வைத்தபடி, "எப்படி?" என்று கேட்டார். மிக மெதுவாக. ஆனால் கேட்டார்.

27 துண்டும் மூன்று வெற்றியாளர்களும்

புதிய முறையில் நடந்த வகுப்புகளில் மறக்க முடியாதது வாக்கெடுப்பு வகுப்பு. அடுத்த முகாமை எங்கே வைப்பது? மூன்று பாடசாலைகள் தயாராக இருந்தன: டவுனில் ஒன்று, ஆற்றோரம் ஒன்று, மேல்பிரிவில் ஒன்று. வழமையாகக் கை தூக்கச் சொல்வோம். இம்முறை ஆளுக்கொரு துண்டில் 1, 2, 3 என்று விருப்பு வரிசையை எழுதச் சொன்னேன். எண்ணியபோது மூன்று வகை வரிசைகள்தான் இருந்தன. 11 பேர் டவுன், ஆற்றோரம், மேல்பிரிவு என்று எழுதியிருந்தார்கள். 9 பேர் மேல்பிரிவு, ஆற்றோரம், டவுன். 7 பேர் ஆற்றோரம், மேல்பிரிவு, டவுன்.

முதல் விருப்பை மட்டும் எண்ணினால் டவுன் 11, மேல்பிரிவு 9, ஆற்றோரம் 7. டவுன் வென்றது. கைதட்டினார்கள்.

சரி, இப்போது நம் ஜனாதிபதித் தேர்தல் முறையில் எண்ணிப் பார்ப்போம் என்றேன். யாருக்கும் பாதிக்கு மேல் இல்லாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் நீக்கப்படுவார்கள். நீக்கப்பட்டவர்களின் வாக்குச் சீட்டில் அடுத்த விருப்பு அந்த இருவரில் யாருக்கு என்று பார்த்துக் கூட்டுவார்கள். 1982இல் முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்ததிலிருந்து இந்த விதி சட்டத்தில் இருந்தது, ஆனால் 2024 செப்டம்பரில்தான் முதல் தடவையாக அப்படி எண்ண வேண்டி வந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்கவுக்கு 42.31 வீதமும் சஜித் பிரேமதாசவுக்கு 32.76 வீதமும் கிடைத்தன. இரண்டாம் எண்ணிக்கைக்குப் பிறகும் முன்னணியில் இருந்தவரே வென்றார். எங்கள் வகுப்பில் அப்படி நடக்கவில்லை. ஆற்றோரம் நீக்கப்பட்டது, அதன் 7 சீட்டும் மேல்பிரிவுக்குப் போயின. மேல்பிரிவு 16, டவுன் 11. மேல்பிரிவு வென்றது.

அப்புறம் இரண்டிரண்டாக மோதவிட்டோம். ஆற்றோரமா டவுனா என்றால் 16க்கு 11 என்று ஆற்றோரம். ஆற்றோரமா மேல்பிரிவா என்றால் 18க்கு 9 என்று மறுபடியும் ஆற்றோரம். முதல் விருப்புக்கு 2 புள்ளி, இரண்டாவதுக்கு 1 என்று கூட்டினாலும் ஆற்றோரம் 34, மேல்பிரிவு 25, டவுன் 22. முதல் எண்ணிக்கையில் கடைசியாக வந்த இடம், எதனுடன் தனியே மோதினாலும் வெல்கிறது.

ஒரே 27 துண்டு. துண்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை. வெற்றியாளர் மூவர்.

வகுப்பில் இரைச்சல். "அப்ப எது சரி சேர்?" என்று கேட்டார்கள். இந்தக் கேள்வியை இருநூறு வருடங்களுக்கு மேலாகக் கேட்டுவருகிறார்கள். இப்படி இரண்டிரண்டாக மோதவிட்டுப் பார்க்க வேண்டும் என்று 1785இல் எழுதியவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கொந்தோர்செ. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தெரிவுகள் இருந்தால், எல்லோரும் நியாயம் என்று ஒப்புக்கொள்ளும் சில எளிய நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்றும் தரவரிசை வாக்கு முறை ஒன்றுமே இல்லை என்று 1951இல் கென்னத் அரோ நிறுவிக் காட்டினார். அப்படியானால், எந்த விதியில் எண்ணப்போகிறோம் என்பதை எண்ணுவதற்கு முன்பே தலைவர் சொல்லிவிட வேண்டும். துண்டுகளைப் பார்த்துவிட்டு விதியைத் தேர்ந்தெடுக்கும் தலைவர், தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். யாருக்கும் தெரியாது. ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார்.

இதைச் சொன்னபோது பின்வரிசையில் ஒருவர் எங்கள் சொந்த வரலாற்றுக்குப் போனார். 1947இல் மலையகத் தமிழரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல ஆசனங்கள் வென்றது. 1948இல் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்த பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, 1952 தேர்தலில் அந்த ஆசனங்களில் ஒன்றும் இல்லை. 1977இல் நுவரெலியா மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தபடியால் மூன்றாவதாக வந்த மலையகத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானும் பாராளுமன்றம் போனார். "யார் எண்ணப்படுவாங்க, எப்படி எண்ணுவாங்க, அதுலதான் எல்லாம் இருக்கு," என்றார் அந்த மாணவர். அன்று நான் தயாரித்து வந்த மீதிப் பாடத்தை நடத்தவில்லை.

முகாம் ஆற்றோரத்தில் நடந்தது. இரண்டிரண்டாக மோதவிடும் விதியை இனி வைத்துக்கொள்வோம் என்று தீர்மானித்த பிறகு, புதிதாக இன்னொரு தடவை வாக்கெடுத்தோம்.

பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே

சார்புகள், வரைபுகள் பாடத்துக்குக் கொழுந்துச் சம்பளத்தை எடுத்தோம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. நாளொன்றுக்கு எத்தனை கிலோ பறித்தால் முழுப்பேர், அதாவது முழு நாட்சம்பளம், என்பது தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். கணக்குக்காக 18 கிலோ என்று வைத்துக்கொண்டோம். 18க்குக் கீழே அரைப்பேர், அதாவது 500 ரூபாய். மேலே போகும் ஒவ்வொரு கிலோவுக்கும் 40 ரூபாய் என்று வைத்தோம்.

வரைபைக் கீறினால், 18 வரை 500இல் தட்டையாக ஒரு கோடு. 18இல் கோடு அறுந்து 1,000க்குத் தாவுகிறது. அங்கிருந்து மெதுவாக மேலே ஏறுகிறது. தொடர்ச்சியற்ற சார்பு என்று பாடப்புத்தகம் சொல்வதைப் பிள்ளைகள் அன்று கையால் கீறினார்கள்.

பிறகு கழிவு. காலை, பகல், அந்தி என்று மூன்று தடவை நிறுக்கும்போது, ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று ஒவ்வொரு நிறுவையிலும் ஒரு கிலோ கழித்தால் என்ன ஆகும்? 25 கிலோ பறித்தவருக்கு 22 விழும், 120 ரூபாய் குறையும். 20 கிலோ பறித்தவருக்கு 17 விழும். அவர் கோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு விழுந்துவிடுகிறார். முழுப்பேருக்கு மேல் இரண்டு கிலோ சேர்த்து 1,080 வரவேண்டியவருக்கு 500. அதே மூன்று கிலோ, ஒருவருக்கு 120 ரூபாய், இன்னொருவருக்கு 580 ரூபாய். கூடுதலாகப் பறிப்பவரை விட, மட்டுமட்டாகப் பறிக்கும் வயதானவரையும் உடம்புக்கு முடியாதவரையும்தான் அந்தக் கழிவு அதிகம் அடிக்கிறது.

அறை அமைதியாகிவிட்டது. 27 பேரில் பெரும்பாலானோரின் அம்மா கூடை சுமந்தவர். வீட்டில் பல வருடங்களாகக் கேட்ட முணுமுணுப்பு அன்று ஒரு வரைபில் தெரிந்தது.

சரிவராதவை

நாலாம் ஐந்தாம் வாரத்தில் சரிபார்ப்பவரின் கேள்வி சடங்காகிவிட்டது. "எப்படி?" என்பார், தலைவர் தாளைக் காட்டுவார், "சரி" என்பார், முடிந்தது. அதனால் சில தாள்களில் வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துக் கொடுக்கத் தொடங்கினேன். அது கொஞ்சம் உதவியது, ஆனால் என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் இதில் சேர் என்ன ஒளித்துவைத்திருக்கிறார் என்று தேடினார்கள். அதை விட்டுவிட்டு, ஒரு குழுவின் தாளை இன்னொரு குழுவுக்குக் கொடுத்துச் சரிபார்க்க வைத்தோம். இப்போதும் அப்படித்தான் செய்கிறோம்.

வேகமான மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். பஸ் ஒன்று பிடிப்பதற்கும் தாள் எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம்தான். மற்றவர்களின் காசு, நேரம், சாப்பாடு, புள்ளி ஆகியவற்றைத் தொடும் முடிவுக்கு மட்டும் தாள் என்று சுருக்கினோம். இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும். அந்த அணியில் இருவர் இடையில் நின்றுவிட்டார்கள். ஒருவர் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனார், இன்னொருவருக்குக் கலியாணம்.

அரிசிக் கணக்குப் போட்ட தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒதுங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் ஒதுங்கவில்லை. அடுத்த முகாமில் தலைவர் பொறுப்பை இன்னொருவருக்கு விட்டுவிட்டு, சாப்பாட்டுக் கணக்கைத் தானே கேட்டு வாங்கினார். ஒவ்வொரு நாள் காலையிலும் வந்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மிச்ச அரிசியையும் சமையலறைக் கதவில் எழுதினார். சமைத்த அக்காமார் அதைப் பார்த்துத்தான் உலை வைத்தார்கள்.

இன்னும் முடியாதது

வரைபு வகுப்புக்குப் பிறகு அந்த இரட்டைக் கோட்டு மாணவி வீட்டுக்குப் போய், அம்மாவுக்கு ஒரு சின்னக் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். மூன்று நிறுவையிலும் தராசில் கண்ட எண்ணை அம்மா மனதில் வைத்துக்கொண்டு வருவார், மகள் இரவில் அதை எழுதுவார். சம்பளத் துண்டு வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். முதல் மாதத்தில் கொப்பிக்கும் துண்டுக்கும் 31 கிலோ வித்தியாசம்.

என்னிடம் கொண்டுவந்து காட்டினார். நான் கூட்டல்களைச் சரிபார்த்தேன், பிழை இல்லை. யாரிடம் கொண்டுபோவது என்று கேட்டார். தோட்டத் தலைவர், தொழிற்சங்கம், தொழில் திணைக்களம் என்று நான் வழிகளைச் சொல்லிக்கொண்டு போனேன். பொறுமையாகக் கேட்டார். "வகுப்புல எப்படின்னு கேட்டா புள்ளி கெடைக்குது சேர். அம்மா தராசுகிட்ட எப்படின்னு கேட்டா அடுத்த நாள் எந்த மலைக்கு அனுப்புவாங்கன்னு தெரியாதுல்ல," என்றார்.

அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. அதே லயத்தில், அதாவது அந்தத் தோட்ட வீட்டு வரிசையில், இன்னும் நாலு பேர் கொப்பி எழுதத் தொடங்கியிருக்கிறார்களாம். கொப்பிகள் ஐந்தும் இப்போது அந்த மாணவியின் வீட்டு அலுமாரியில், உடுப்புக்குக் கீழே இருக்கின்றன.